சேலத்துக்கென்று என்ன இருக்கிறது, பஸ் மாறுவதைத் தவிர?

காவிரிக்கரையான்

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலில் சேலம் வந்திருக்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். இங்கே அழகாபுரத்தில் வீடு பிடித்திருக்கிறோம்.

கேள்வி உள்ளூர்க்காரர்களுக்குக் கோபத்தைக் கிளப்பலாம், முன்கூட்டியே பொறுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பெரிய ஊர், மாவட்டத் தலைநகர், மாநகராட்சி. ஆனால் சேலம் என்றதும் எங்கள் பக்கத்தில் சொல்வது இரண்டே விஷயம்தான். "பெங்களூர் போகும்போது அங்கேதான் பஸ் மாறுவோம்." அப்புறம், "ஏற்காடு பக்கம்தானே?" மதுரை என்றால் சித்திரைத் திருவிழா, தஞ்சாவூர் என்றால் பெரிய கோயில். சேலம் என்றால்? மாம்பழம் என்பீர்கள். அது கோடையில் வந்து போய்விடும். மற்ற மாதங்களில் இந்த ஊர் என்னவாக இருக்கிறது?

ஏற்காடு போங்கள் என்ற பதில் மட்டும் வேண்டாம். ஊருக்குள் என்ன பார்ப்பது, என்ன சாப்பிடுவது, எந்தத் தெருவில் நடப்பது? அலுவலகத்தில் கேட்டால் அஞ்சு ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தைப் போய்ப் பாருங்கள் என்கிறார்கள்.

லீபஜார்வாசி

மேம்பாலத்தையா காட்டினார்கள்! அது 2020-இல்தான் திறந்தது. அதற்கு முன்னால் வந்திருந்தால் அஞ்சு ரோடு சிக்னலில் நின்ற நேரத்திலேயே பாதி ஊர் பழக்கமாகியிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி எல்லாம் ஆபீஸர்களும் டாக்டர்களும் குடியிருக்கும் பக்கம். அங்கே உட்கார்ந்துகொண்டு தேடினால் சேலம் அகப்படாது. பழைய பஸ் நிலையத்தில் இறங்கி ஏதாவது ஒரு பேட்டைப் பக்கம் நடங்கள். செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை. ஒவ்வொன்றுக்கும் தனித் தொழில், தனி மாரியம்மன், தனிச் சண்டை. செவ்வாய்ப்பேட்டையில் லீ பஜார் மொத்த வியாபாரம். அரிசி, பருப்பு, வெல்லம், மஞ்சள், புளி. காலையில் லாரி நுழைந்துவிட்டால் சைக்கிள்கூட நுழைய முடியாது. குகையிலும் அம்மாபேட்டையிலும் தறி. பள்ளப்பட்டி, சிவதாபுரம், பனங்காடு என்று போனால் வெள்ளிக் கொலுசு.

இந்த ஊர் வேலை செய்கிற ஊருங்க. வந்தவர்களுக்குக் காட்டுவதற்கென்று எதையும் எடுத்து வைத்தது கிடையாது. அதனால்தான் பஸ் மாறுகிறவர்கள் கண்ணில் படுவதில்லை.

குகைப்பையன்

சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே, நான் ஆரம்பிக்கிறேன். தட்டுவடை செட்.

உள்ளங்கை அளவுக்கும் சின்னதான தட்டுவடை இரண்டு. கீழே இருப்பதன்மேல் சிவப்புக் காரச் சட்னி கொஞ்சம், புதினா கொத்தமல்லிப் பச்சைச் சட்னி கொஞ்சம். அதன்மேல் துருவிய பீட்ரூட், கேரட், பொடி வெங்காயம். மாங்காய்க் காலமாக இருந்தால் மாங்காயும் சேரும். மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து லேசாக அமுக்கித் தருவார்கள். அப்படியே முழுசாக வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிடப் பார்த்தால் சட்டையில்தான் விழும், புது ஆள் என்று கடைக்காரருக்கும் தெரிந்துவிடும்.

அடுத்து நொறுக்கல். தட்டுவடையையும் முறுக்கையும் கையாலேயே நொறுக்கி, அதே காய், அதே சட்னி சேர்த்துக் கலக்கித் தருவது. செட் பிடிக்காதவர்கள்கூட நொறுக்கலில் விழுந்துவிடுவார்கள். தட்டுவடைக்குப் பதில் முறுக்கை வைத்தால் முறுக்கு செட். சாயங்காலம் வண்டிக்கடையைச் சுற்றி நிற்பவர்கள் யார் என்று பாருங்கள்: தறியிலிருந்து எழுந்து வந்தவர், பட்டறையைச் சாத்திவிட்டு வந்தவர், டியூஷன் முடிந்த பிள்ளைகள். இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் 'சேலம் தட்டுவடை செட்' என்று பலகை வைக்கிறார்கள். சட்னியில் சர்க்கரை போட்டுக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

காவிரிக்கரையான்

தட்டுவடை செட் நேற்றே சாப்பிட்டாயிற்று, சட்டையும் நாசம். ருசி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு தின்பண்டத்தை வைத்து ஊருக்கு முகம் என்று சொல்லலாமா?

பைபாஸ்வாசி

நான் கொண்டலாம்பட்டியில் பிறந்து வளர்ந்தவன், இப்போது பெங்களூரில் வேலை. கேள்வி கேட்டவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நம் ஆட்கள் பழம்பெருமை பேசுவதில் கெட்டிக்காரர்கள். திருமணிமுத்தாறு என்று பெயரைக் கேட்டால் ஏதோ முத்துக் குளிக்கிற ஆறு என்று நினைப்பார்கள். பாலத்தில் நின்று பாருங்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு. சேர்வராயன் மலையில் நல்ல தண்ணீராகப் புறப்பட்டு, ஊருக்குள் வந்ததும் சாக்கடையாகி, சாயத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு கீழே போகிறது. மாம்பழம் என்கிறீர்கள், சீசன் தொடங்கியதும் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்ததைக் கூடை கூடையாக அள்ளிப்போய் அழிக்கிறார்கள். 'சேலம் மாம்பழம்' என்று விற்கிற பழத்தில் எவ்வளவு கிருஷ்ணகிரியிலிருந்து வருகிறது என்று மண்டிக்காரரிடம் கேளுங்கள்.

சேலம் ஒரு சந்தை. நாலு பக்கத்துச் சரக்கும் வந்து போகிற இடம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கலாச்சாரம் என்று தேடிக் கிளம்ப வேண்டாம்.

ஜமாபந்தி

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பைபாஸ்வாசி தம்பி குறையாகச் சொன்ன கிருஷ்ணகிரி விஷயத்தில்தான் இந்த ஊரின் சூட்சுமமே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமை உள்ளவர்கள் படிக்கவும்.

1792-இல் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனியோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்) சேலமும் கைமாறின. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் கலெக்டராக வந்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்த இளைஞர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, பயிரிடுகிறவன் பெயரிலேயே வரி போடும் ரயத்துவாரி முறைக்கு ஒத்திகை நடந்தது இந்த மண்ணில்தான். நாங்கள் வருஷா வருஷம் ஜமாபந்தி என்று கிராம வரிக் கணக்கைத் தணிக்கை செய்ததற்கு மூலம் அங்கே இருக்கிறது.

அந்தப் பழைய சேலம் மாவட்டம் எவ்வளவு பெரியது தெரியுமா? ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, அரூர், நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம், ஆத்தூர் எல்லாம் அதற்குள். 1965-இல் தர்மபுரி பிரிந்தது. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து 2004-இல் பிரிந்தது. ஆக, சேலம் மாம்பழம் என்று ரயிலேற ஆரம்பித்த காலத்தில் கிருஷ்ணகிரியும் சேலம்தான். பழம் மாறவில்லை, எல்லைக்கல்தான் நகர்ந்தது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் அவரைச் சேலத்துக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வக்கீல் தொழில் செய்ததும் இங்கேதான், 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்ததும் இங்கேதான்.

ஒரு தலைநகர் என்ன செய்யும்? சுற்றுப்பட்டில் விளைந்ததை வாங்கித் தன் பெயரில் அனுப்பும். சேலம் அதைத்தான் செய்தது. மாவட்டம் சுருங்கியது, பெயர் மட்டும் சரக்கின்மேல் ஒட்டிக்கொண்டது. உருக்காலையைப் பாருங்கள். கஞ்சமலையில் இரும்புத்தாது இருக்கிறது என்று சொல்லிச் சொல்லித்தான் ஆலை கேட்டோம். 1970-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார், 1981-இல் உற்பத்தி தொடங்கியது. ஆலை பேர் வாங்கியது துருப்பிடிக்காத தகட்டுக்கு. கஞ்சமலைத் தாது மலையிலேயே கிடக்கிறது. அதற்கும் நூற்றைம்பது ஆண்டு முன்னால் ஹீத் என்ற வெள்ளைக்காரர் சேலத்துத் தாதுவை நம்பிப் பறங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்து நொடித்துப் போனார். அதைப் படித்திருந்தால் நம் ஆட்கள் கொஞ்சம் நிதானித்திருப்பார்கள்.

ஆத்தூர்க்காரி

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஜவ்வரிசியும் அந்தக் கணக்குதான். மரவள்ளிக் கிழங்கு எங்கள் பக்கம், பேர் உங்கள் பக்கம்! 2023-இல் 'சேலம் ஜவ்வரிசி' என்று புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் பக்கத்து மரவள்ளிக் காட்டுக்காரர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. விலை கிடைத்தால் சரி என்று விட்டுவிட்டார்கள்.

வெளியூர்க்காரர் ஒருமுறை சேகோ பேக்டரியை, அதாவது ஜவ்வரிசி ஆலையை, நேரில் பார்க்க வேண்டும் சார். தை, மாசியில் வாருங்கள். லாரியிலிருந்து கிழங்கு இறங்கும். கழுவித் தோலெடுத்து அரைத்துப் பாலாக்கி, தொட்டியில் தெளிய விடுவார்கள். அடியில் மாவு படியும். அந்த ஈரமாவைக் குலுக்கிக் குலுக்கி உருண்டையாக்கி, சலித்து, சூட்டில் வாட்டி, சிமென்ட் களத்தில் காயப்போடுவார்கள். களம் முழுக்க வெள்ளை வெளேர் என்று கிடக்கும், மத்தியானத்தில் கண் கூசும். பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு பலகையால் தள்ளித் தள்ளித் திருப்பிவிடுவார்கள். புளித்த வாடை ஒரு மைலுக்கு வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவும் போவது எங்கே என்கிறீர்கள்? நாம் பாயசத்துக்கும் வடகத்துக்கும் வாங்குவது கொசுறு. மகாராஷ்டிராவில் விரத நாளில் ஜவ்வரிசி கிச்சடி சாப்பிடுவார்களே, அவர்களை நம்பித்தான் இங்கே கிழங்கு நடுகிறோம். வடக்கே நவராத்திரி நெருங்கினால் இங்கே மூட்டை விலை ஏறும். உலக யுத்தத்தின்போது மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோய், இங்கே கிழங்கு மாவில் செய்து பார்த்தார்கள். அதில் தொடங்கியது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்த பிறகு, டெண்டர் விலையைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் நல்லது கெட்டது பேசுவார்கள்.

கொலுசுப்பட்டறை

வெள்ளியைப் பற்றி மேலே ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இந்த வேலை, அதனால் சொல்கிறேன்.

கொலுசு செய்கிறவன் என்று தனியாக ஒரு ஆள் கிடையாது. ஒருவர் வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுப்பார். இன்னொரு வீட்டில் அந்தக் கம்பியைச் சுற்றி வெட்டி வளையமாக்கிக் கோப்பார்கள். அடுத்த தெருவில் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பார்கள். சலங்கை ஒரு கை, திருகு ஒரு கை, மெருகு ஒரு கை. ஒரு ஜோடிக் கொலுசு கடைக்குப் போவதற்குள் பல வீட்டு வாசல் ஏறி இறங்கிவிடும். ஒவ்வொரு கையிலும் எடை போட்டு வாங்கி எடை போட்டுக் கொடுக்க வேண்டும். உமி, தூசு, கை கழுவிய தண்ணீர் எதையும் கொட்ட மாட்டோம், எல்லாவற்றிலும் வெள்ளி இருக்கும். பட்டறை கூட்டிய குப்பையை விலைக்கு வாங்கிப் போக ஆள் வருவார்கள். இதை நம்பாதவர்கள் நிறையப் பேர் உண்டு.

ஆக்ராவும் ராஜ்கோட்டும் போட்டிக்கு நிற்கின்றன. அங்கே மிஷின் அதிகம். கைவேலைக்கு இன்னும் இங்கேதான் வருகிறார்கள். ஆனால் வெள்ளி விலை இப்படித் தாறுமாறாக ஏறினால் முதலில் நிற்பது ஆர்டர்தான். எடை குறைந்த மாடல் கேட்கிறார்கள். எடை குறைந்தால் கூலியும் குறையும், ஊதுகிறவனுக்குக் கண் எரிச்சல் மட்டும் அதேதான். என் பையன் கல்லூரி முடித்துவிட்டான். பட்டறைப் பக்கம் வரச்சொல்லி நான் கூப்பிடவில்லை.

பைபாஸ்வாசி

> பட்டறைப் பக்கம் வரச்சொல்லி நான் கூப்பிடவில்லை.

இதைத்தான் அண்ணே நானும் சொல்கிறேன். செய்கிறவர்களே பிள்ளைகளை அனுப்பாத தொழிலை ஊரின் பெருமை என்று நாம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.

கொலுசுப்பட்டறை

பெருமை என்று நான் எங்கே தம்பி சொன்னேன்? எப்படி நடக்கிறது என்றுதான் சொன்னேன்.

தறிச்சத்தம்

அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவில் தறிச்சத்தம் குறைந்துபோனது உண்மை. முன்பெல்லாம் விடிவதற்குள் தெருவில் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீள நூலை, நீட்டி, கஞ்சி தோய்த்துக் காயவைப்பார்கள். அதற்கென்றே விட்ட பொதுத் திடல்கள்தான் பாவடி. இன்று பெயர் பலகையில் பாவடி இருக்கிறது, திடலில் பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ இருக்கிறது. சேலம் வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு. முகூர்த்தம் என்றால் கேரளாவிலிருந்துகூட ஆள் வந்து வாங்குவார்கள். ஆனாலும் கைத்தறிக்காரன் வாரக் கூலியைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். விசைத்தறி தின்றது பாதி, விலைவாசி தின்றது மீதி.

அதற்காக ஊரில் ஒன்றுமில்லை என்று ஒத்துக்கொள்ள முடியாது. எங்கள் தெருவில் மட்டும் வீட்டுக்குள் சௌராஷ்டிரம், அடுத்த வீட்டில் தெலுங்கு, அதற்கடுத்து கன்னடம். வாசலுக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் தமிழ். திட்டுவதற்கு மட்டும் எல்லா மொழியும் எல்லோருக்கும் தெரியும்.

காவிரிக்கரையான் சார், ஆடி மாதத்துக்கு இருப்பீர்கள்தானே? ஆடி முதல் தேதி தேங்காய் சுடுவோம். உங்கள் பக்கம் இது கிடையாது. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கத்தில் மட்டும்தான். தேங்காயின் நாரை உரித்து, தரையில் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குவோம். பிள்ளைகளுக்குள் போட்டியே யாருடைய தேங்காய் மொழுமொழு என்று இருக்கிறது என்பதில்தான். ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை இறக்கி, அதற்குள் வெல்லம், பொட்டுக்கடலை, அவல், எள், பச்சைப்பயறு போட்டு, கொஞ்சம் தேங்காய்த் தண்ணீரையும் திரும்ப ஊற்றுவோம். மஞ்சள் பூசிய அழிஞ்சில் குச்சியை அந்தக் கண்ணிலேயே செருகினால் அடைப்பும் ஆயிற்று, பிடியும் ஆயிற்று. சாயங்காலம் தெருவில் தீ மூட்டி, குச்சியைப் பிடித்துச் சுற்றி உட்கார்ந்து வாட்ட வேண்டும். ஓடு கருகி வெடிப்பு விட்டதும் எடுத்துப் பிள்ளையாருக்குப் படைத்து உடைப்போம். உள்ளே வெல்லம் உருகித் தேங்காயோடு ஒட்டியிருக்கும். பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கியது, அதற்கு வேண்டிக்கொண்டு செய்தது என்று பாட்டிமார் சொல்வார்கள். கதை எதுவானால் என்ன, ஃபேர்லேண்ட்ஸ் அபார்ட்மெண்ட் வாசலிலும் இப்போது சுடுகிறார்கள். வாட்ச்மேன்தான் முகத்தைச் சுளிப்பார்.

காவிரிக்கரையான்

இது! இந்த மாதிரி ஏதாவது சொல்லுங்கள் என்றுதான் கேட்டேன். எங்கள் பக்கம் ஆடி என்றால் பதினெட்டாம் பெருக்கு, ஆற்றங்கரை, சித்திரான்னம். தேங்காயைத் தீயில் வாட்டுவதை நான் கேள்விப்பட்டதே இல்லை.

குகைப்பையன்

ஆடியை எடுத்தாயிற்று, இனி என்னை யாரும் நிறுத்த முடியாது. வண்டி வேடிக்கை!

கோட்டை பெரிய மாரியம்மன்தான் எல்லாப் பேட்டை மாரியம்மன்களுக்கும் மூத்தவள். கோட்டையில் பூச்சாட்டியதும் ஊரே ஆடிக்குள் போய்விடும். கம்பம் நடுதல், சக்தி அழைப்பு, பொங்கல் என்று ஒவ்வொரு பேட்டையிலும் வரிசையாக நடக்கும். புதன்கிழமை கோட்டையில் பொங்கல், உருளுதண்டம். அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, உங்கள் அலுவலகத்துக்கும் இருக்கலாம். மறுநாள் வியாழக்கிழமை ராத்திரி எங்கள் குகையில் வண்டி வேடிக்கை. செவ்வாய்ப்பேட்டையிலும் அம்மாபேட்டையிலும் உண்டு, இருந்தாலும் குகைதான் குகை.

நேர்த்திக்கடன் உள்ளவர்கள் சிவன், பார்வதி, பெருமாள், முருகன் என்று வேஷம் கட்டி, ஜோடித்த வண்டியில் அசையாமல் நிற்பார்கள். அந்தக் காலத்தில் மாட்டுவண்டி, இப்போது லாரி. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு புராணக் காட்சி. பரிசு உண்டு, அதனால் போட்டியும் உண்டு. இந்த வருஷம் என்ன காட்சி என்பதை ஆனி மாதத்திலிருந்தே மூடி மூடி வைத்திருப்பார்கள். எங்கள் தெரு வண்டியில் என்ன வேஷம் என்று பக்கத்துத் தெரு மாமா என்னிடம் பரோட்டா வாங்கிக் கொடுத்துத் தோண்டிக் கேட்டார். பரோட்டாவைச் சாப்பிட்டேன், சொல்லவில்லை. தறி நெய்கிறவர், பட்டறைக்காரர், லாரி டிரைவர்தான் அன்றைக்கு மகாவிஷ்ணு. முகத்தில் நீலச்சாயம் வேர்வையில் கரைய, காலை மாற்றி வைக்காமல் மணிக்கணக்கில் நிற்கிறாரே, அதைப் பார்க்க வாருங்கள்.

கஞ்சமலை

எல்லாம் சரி, ஒரே ஒரு கேள்வி. சேலம் கொங்குநாடா இல்லையா? கோயம்புத்தூர்க்காரர்கள் எங்களைச் சேர்க்க மாட்டார்கள், வடாற்காட்டுக்காரர்கள் எங்களைக் கொங்கு என்பார்கள்.

லீபஜார்வாசி

ஆரம்பித்துவிட்டாரய்யா.

மேற்கே சங்ககிரி, எடப்பாடி போனால் பேச்சு கொங்குதான். அப்புச்சி, அம்மிச்சி, ஏனுங்க எல்லாம் கேட்கும். கிழக்கே ஆத்தூர், தலைவாசல் தாண்டினால் வேறு தமிழ். டவுனுக்குள் 'ங்க' போடுவோம், ஆனால் கோவைக்காரர் மாதிரி இழுக்க மாட்டோம், நேரம் இல்லை. பழைய வரலாற்றில் கொங்கோடுதான் எழுதியிருக்கிறார்கள். மற்றதைத் தனி இழை போட்டு அடித்துக்கொள்ளுங்கள்.

ஜமாபந்தி

கலாச்சாரம் என்றதும் எல்லோரும் கோயிலுக்கும் தின்பண்டத்துக்கும் போய்விட்டீர்கள். அரசியலை விட்டுவிட்டால் எப்படி?

1866-லேயே நகராட்சி கண்ட ஊர் இது. மாநகராட்சி ஆனதுதான் தாமதம், 1994. 1937-இல் ராஜாஜி மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கை முதன்முதலில் அமல்படுத்தியது இந்தச் சேலம் மாவட்டத்தில்தான், அக்டோபர் 1-ஆம் தேதி. கள்ளு வருமானம் போனதை ஈடுகட்ட இரண்டு வருஷத்தில் விற்பனை வரி வந்தது. இன்று லீ பஜாரில் வரியைத் திட்டுகிறவர்கள் அந்தக் கணக்கை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதே ஊரில்தான் 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி மாநாடு கூடி, பெரியார் தலைமையில் திராவிடர் கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1950 பிப்ரவரி 11-ஆம் தேதி சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்து 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். காங்கிரஸின் நாகபுரி மாநாட்டுக்கு 1920-இல் தலைமை தாங்கிய விஜயராகவாச்சாரியார் இந்த ஊர் வக்கீல். மூன்று பெரிய அரசியல் நீரோட்டங்களுக்கும் இங்கே தடயம் இருக்கிறது. ஒரு பேட்டைக்காரன் எந்தக் கட்சி என்று அவன் தொழிலை வைத்துச் சொல்லிவிடலாம் என்று என் மேலதிகாரி ஒருவர் சொல்வார். தேர்தல் வேலை பார்த்தவரைக்கும் அது பெரும்பாலும் சரியாகத்தான் வந்தது.

மலைமிளகு

ஏற்காடு போங்கள் என்ற பதில் வேண்டாம் என்று முதலிலேயே கதவைச் சாத்திவிட்டீர்கள், நான் ஏற்காட்டிலிருந்துதான் எழுதுகிறேன். கோபமில்லை சார், ஆனால் மலையைத் தனியாக எடுத்துவிட்டுச் சேலத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

காபியை இங்கே கொண்டுவந்ததே சேலம் கலெக்டர்தான். காக்பர்ன், 1820. கலெக்டர்களும் பாதிரியார்களும் வெயிலுக்குப் பயந்து மேலே ஏறினார்கள், பின்னாலேயே தோட்டம், பங்களா, கான்வென்ட். மலையாளி என்ற பழங்குடி மக்கள் (கேரளக்காரர்கள் அல்ல) அதற்கெல்லாம் முன்பிருந்தே இங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய சேர்வராயன் கோயில் திருவிழா மே மாதத்தில். குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட வேண்டும். கோடை விழாவும் மலர்க்கண்காட்சியும் பார்க்க வருகிறவர்கள் படகில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

எங்களுக்கு ஆஸ்பத்திரி, மேல்படிப்பு, கோர்ட்டு, துணிமணி எல்லாம் கீழேதான். இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கித்தான் போக வேண்டும். விடியற்காலைப் பஸ்ஸில் பாருங்கள், மேலே மிளகு மூட்டை, பலாப்பழம். உள்ளே இறங்கி ஏறுவதிலேயே பாதி வாழ்க்கை போன ஜனங்கள். மழைக்காலத்தில் பாறை உருண்டு ரோடு அடைத்தால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டும். கீழே இருப்பவர்களுக்கு மலை ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்குச் சேலம் திங்கட்கிழமை.

அப்புறம், அடிவாரத்தில் வெள்ளையாகத் தெரிகிற குன்றுகள் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். வெள்ளைக்கல், மேக்னசைட். உலைகளுக்குச் செங்கல் செய்ய வெட்டி எடுத்தது. எடுத்ததெல்லாம் போய்ப் பள்ளம்தான் மிச்சம் நிற்கிறது.

பைபாஸ்வாசி

அக்கா எழுதியதைப் படித்தால் மலை வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை. மேலே போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு ஒன்று நிற்கும், அதையாவது வண்டியை நிறுத்திப் பாருங்கள். டி.ஆர். சுந்தரம் 1930-களில் கட்டிய ஸ்டூடியோ. நூற்றுக்கும் மேல் படம் எடுத்தார்கள். மலையாளத்தின் முதல் பேசும் படம் 1938-இல் எடுக்கப்பட்டது இங்கேதான், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-இல் இந்தக் கம்பெனியிலிருந்து வந்தது. கலைஞர் வசனம் எழுதச் சம்பளத்துக்கு இருந்த இடம். சென்னை, கோவைக்கு நிகராக இங்கே தளம், லேப், மாதச் சம்பளத்தில் நடிகர்கள் எல்லாம் இருந்தார்கள். நேரத்துக்கு வராத நடிகரைச் சுந்தரம் உள்ளே விடமாட்டார் என்பார்கள். இன்று வளைவு மட்டும்தான், பின்னால் குடியிருப்பு.

தறிச்சத்தம்

கலாச்சாரம் கிடையாது, சந்தை மட்டும்தான் என்று ஆரம்பித்தவர் சினிமா வரைக்கும் வந்துவிட்டார்!

பைபாஸ்வாசி

சினிமாவும் இங்கே சரக்காகத்தான் தயாரானது. பாயிண்ட்டை விட்டுக்கொடுக்கவில்லை.

ஜமாபந்தி

தம்பி சொல்வது எனக்கும் உடன்பாடுதான். சேலத்தில் எதுவும் சரக்காகாமல் கலையாக மட்டும் நின்றதில்லை. அதைக் குறையாக நான் எண்ணுவதில்லை. ஆனால் வண்டி வேடிக்கையில் வேஷம் கட்டுகிறவனுக்கு அதில் ஒரு பைசா வரவில்லை, கைக்காசுதான் போகிறது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காவிரிக்கரையான்

நன்றி, எல்லோருக்கும். இரண்டு நடைமுறைக் கேள்வி. ஒன்று, வண்டி வேடிக்கைக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா, எங்கே நிற்பது? இரண்டு, மாம்பழம். ஊருக்கு ஒரு கூடை அனுப்ப வேண்டும். கல் வைக்காத பழத்தை எப்படிப் பார்த்து வாங்குவது?

லீபஜார்வாசி

மாம்பழத்துக்கு நான் சொல்கிறேன். முதலில் அவசரப்படாதீர்கள். சித்திரை தொடக்கத்தில் மஞ்சளாக மின்னுகிற பழம் எல்லாம் சந்தேகத்துக்குரியது. வைகாசியில் வாங்குங்கள். எல்லாப் பழமும் ஒரே நிறத்தில், ஒரே பதத்தில் இருந்தால் விலகுங்கள். தானாகப் பழுத்ததில் காம்பருகே ஒரு பச்சை, தோளில் ஒரு சிவப்பு என்று முன்பின்னாகத்தான் இருக்கும். மூக்கருகே வைத்தால் காம்பிலிருந்து மணம் வர வேண்டும். மல்கோவா பெரியதாக, உருண்டையாக இருக்கும், விலையும் அப்படித்தான். குண்டு சின்னது, தித்திப்பு அதிகம். இமாம்பசந்து தோல் மெல்லியது, தூரப் பயணத்துக்குத் தாங்காது. கும்பகோணம் போக வேண்டுமென்றால் செங்காயாக வாங்கி வைக்கோல் போட்டுக் கட்டச் சொல்லுங்கள், போய்ச் சேர்வதற்கும் பழுப்பதற்கும் சரியாக இருக்கும். கடைவீதியில் கூடை கட்டித் தருவார்கள். மேல் வரிசையை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள், கூடையைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்கிற கடை என்றால் அடுத்த கடை.

குகைப்பையன்

குழந்தைகளைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள். கார் மட்டும் வேண்டாம், குகைக்குள் அன்று நுழையவே முடியாது. பழைய பஸ் நிலையம் வரை டவுன் பஸ், அங்கிருந்து நடை. இருட்டுவதற்குள் வந்துவிட்டால் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, மாடி உள்ள வீடாகப் பார்த்து ஏறிக்கொள்ளலாம். யாரும் தடுக்க மாட்டார்கள், தண்ணீரும் கொடுப்பார்கள். கைக்குழந்தை இருந்தால் பறைக்கும் பட்டாசுக்கும் காதில் பஞ்சு வையுங்கள். எங்கள் தெரு வண்டி எது என்று அன்று வந்து கேளுங்கள், இப்போது சொல்ல மாட்டேன்.